ஏரிவேலைப் படவியல்: தொழிலாளர் இசைவு பெறும் நெறி குறித்த ஒரு முன்னாய்வு

பாயிரம்

பணியிடத்தில் புதிய தொழில்நுட்பம் புகும்போது அதற்குப் பணியாளரின் இசைவைப் பெறுவது எவ்வாறு என்னும் வினா, குளிரூட்டிய அறைகளில் பன்முறை எழுப்பப்பட்டு, ஒவ்வொரு முறையும் தேநீர், பிஸ்கட்டுடன் இனிதே முடிவுற்றிருக்கிறது. மேலாண்மையியலார் இயற்றிய நூல்களில் இயக்குநர் உண்டு, ஆலோசகர் உண்டு, அம்புக்குறி இட்ட வட்டங்கள் ஏராளம் உண்டு. மண்வெட்டி மட்டும் இல்லை. அக்குறையை நீக்கக் கருதிய இவ்வாய்வு, காஞ்சிபுரம் மாவட்டத்துப் புள்ளலூரை நோக்கிடமாகக் கொண்டு, நூறு நாள் வேலை என்று மக்கள் வழங்கும் மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தின் பணித்தளங்களில் புகுந்த கைப்பேசி வருகைப்பதிவுச் செயலியை எடுத்துக்கொள்கிறது.

ஊரைத் தேர்ந்ததற்குக் காரணம் காட்டுதல் ஆய்வு மரபாதலின் அதுவும் காட்டப்படும். 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை இவ்வூரருகே முறியடித்தபோது மைசூர் ராக்கெட்டுகள் பறந்தன. ஆகவே கேளாமலே வந்திறங்கும் தொழில்நுட்பம் இம்மண்ணுக்குப் புதிதன்று. அதற்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முன்னதாக, முதலாம் மகேந்திரவர்மன் தன் பகைவரைப் புள்ளலூரில் வென்றதாகக் கசாக்குடிச் செப்பேடு கூறுகிறது. அப்பகைவர் இன்னார் என்று செப்பேடு கூறாமல் விட்டதால், அவர் இரண்டாம் புலிகேசியே என்றும் அல்லர் என்றும் வாதிட்டு வரலாற்றறிஞர் பெற்ற வேலைநாள்கள் எத்தனை என்று எண்ணினால், நூறு நாள் உறுதி அளித்த அரசு வெட்கித் தலைகுனிய நேரும்.

1. செயலி வரலாறு

2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2006 பிப்ரவரி 2 அன்று தொடங்கிய இத்திட்டத்தில், வேலைக்கு வந்தோர் பெயர் மஸ்டர் ரோல் எனப்படும் காகித வருகைப் பதிவேட்டில் ஏறி வந்தது. 2021 மே 21 அன்று கைப்பேசிச் செயலி அறிமுகமாயிற்று. 2022 மே 16 முதல், இருபது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தளங்களில் அது கட்டாயமாயிற்று. 2023 சனவரி 1 முதல், தனிநபர் பயனாளிப் பணிகள் நீங்கலாக, எல்லாத் தளங்களுக்கும் விரிந்தது. காலையில் ஒரு படமும் பிற்பகலில் ஒரு படமும், புவிக்குறியோடு, அதாவது எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையோடு, ஏற்றப்பட வேண்டும் என்பது விதி. இரண்டு படங்களுக்கும் இடையில் நடப்பது மண் வெட்டுதல் எனப்படும். அது குறித்துச் செயலி ஏதும் கேட்பதில்லை.

2. இசைவு பெறும் வழி நான்கு

சாமம்: வெளிப்படைத்தன்மைக்காகவே இச்செயலி என்று எடுத்துரைத்தல். கேட்டவர் மறுக்கவில்லை, கேட்டாரா என்பது தனி ஆய்வுக்குரியது.

தானம்: பல ஊர்களில் கைப்பேசியும் பணித்தளப் பொறுப்பாளருடையது, அதற்கு இடும் ரீசார்ஜும் அவருடையதே; ஆகலின் இங்குத் தானம் செய்தவர் யார், ஏற்றவர் யார் என்பதில் நூலோரிடையே மயக்கம் உண்டு.

பேதம்: வேண்டப்படவில்லை.

தண்டம்: படம் ஏறாவிடில் வருகை இல்லை, வருகை இல்லையேல் கூலி இல்லை. தவிர்க்க முடியாத சூழலில் விலக்களிக்கும் அதிகாரம் மாவட்டத் திட்ட ஒருங்கிணைப்பாளராகிய ஆட்சியரிடம் உண்டு. எனவே ஏரிக்குள் ஒரு கோடு சிக்னல் குறைந்தால் அக்கோட்டைக் கலெக்டர் அலுவலகத்தில் சென்று தேடிக்கொள்ளலாம்.

3. சிக்னல் திணை

இவ்வாய்வின் உயிர்நிலை இப்பகுதியே. ஏரிவேலையில் சிக்னல் என்பது வெறும் மின்காந்த அலை அன்று; அது முதல், கரு, உரி என்னும் மூன்று பொருளும் நிறைந்த ஒரு திணை. நிலம்: ஏரியின் உள்வாய், கரை, மதகுமேடு, கரைமேல் நிற்கும் பனையின் அடி. பொழுது: காலை, தவறினால் நண்பகல். கருப்பொருள்: மண்வெட்டி, கடப்பாறை, பாண்டு, தூக்குவாளி, தலையில் சுற்றிய துண்டு, புடவைமேல் அணிந்த ஆண்சட்டை. உரிப்பொருள் யாது என்பதில்தான் உரையாசிரியர் பிளவுபட்டனர்.

திரையில் வட்டம் சுற்றச் சுற்ற அனைவரும் வெயிலில் அமர்ந்திருத்தலின், இருத்தலும் அதன் நிமித்தமும் பொருந்தி இது முல்லையே என்பர் ஒருசாரார் (டீக்கடை பெஞ்சுப் பாடம், காலை அமர்வு). வந்த சிக்னல் பிரிந்து போதலின் பாலையே என்பர் மற்றொருசாரார் (மதகடி உரை, ஓரம் கிழிந்த படி). பிரிந்தது மீண்டும் வந்து, வந்தும் படத்தை ஏற்ற மறுத்தலின் ஊடல் புலப்பட்டு மருதமாயிற்று என்றும், ஏரி வயலுக்கு நீர் தருவதால் நிலமும் மருதமே என்றும் நாட்டுவாரும் உளர் (வேப்பமரத்தடி வாய்மொழித் தொகை, காக்கை எச்சத்தால் மறைந்த இரு வரிகள் நீங்கலாக, ஒப்பிடுக: எதிர்த்திண்ணை மறுப்புரை, அம்மறுப்பின் மேல் எழுந்த குழாயடி எதிர்மறுப்பு, இம்மூன்றையும் ஒருங்கே தள்ளிய மாட்டுக்கொட்டகைத் தீர்ப்பு, அத்தீர்ப்பை வாங்கிக்கொண்டு ரசீது தராத ஆடுமேய்ப்போர் குறிப்பேடு). கைப்பேசியைத் தலைக்கு மேல் உயர்த்தியபடி பொறுப்பாளர் கரையில் நடக்கும் நடைக்கு மடலேறுதலோடு ஒப்புமை காண முயன்ற முனைவர் பட்ட ஆய்வு ஒன்று, நெறியாளரின் கைப்பேசியில் சிக்னல் இல்லாமையால் இன்னும் ஏற்கப்படவில்லை என்று மேற்படி குறிப்பேடே பகரும்.

மூலபாடம் ஒன்றும் கிடைத்துள்ளது. பெண்களே பெரும்பாலோராய் வேலை செய்யும் தளங்களில் இது சிற்சில பாடபேதங்களுடன் வழங்கும்:

“ஆயா, முக்காட்ட எடு. மூஞ்சி தெரியல.”

“எம் மூஞ்சி தெரிஞ்சி இன்னா ஆவப்போவுது? வெட்டுன பள்ளத்த எடும்மா.”

இதன் பொருள்: படத்தில் விழ வேண்டியது ஆள் அன்று, வேலையே என்பதாம். முதியவள் இக்கருத்தை ஆய்வேடாக எழுதாமல் மண்வெட்டியில் கையூன்றியபடி ஒரே மூச்சில் சொல்லிவிட்டமையால், மதிப்பீட்டியல் அறிஞர் இதனை மேற்கோளாகக் கொள்வதில்லை.

4. தில்லி உரை

2025 சூலை 8 அன்று ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை, செயலியில் கண்ட முறைகேடுகளை ஏழாக வகுத்தது. அவை: தொடர்பில்லாப் படம் ஏற்றல், படத்தையே படமெடுத்தல், தலைக்கணக்குப் பிறழ்தல், ஆண் பெண் தொகை மாறுதல், ஒருவரே பல பதிவேடுகளில் தோன்றல், காலைப் படமும் பிற்பகல் படமும் ஒவ்வாமை, பிற்பகல் படம் ஏற்றாமை என்பன. அகத்திணையும் ஏழே ஆதலின், அமைச்சகத்தார் தொல்காப்பியம் கற்றவர் என்பது ஐயமறப் பெறப்படும். ஆளின்றிப் படமும் படமுமே உறவாடுதலின் இரண்டாவது கைக்கிளை. பெண் பெயருக்கு நேரே ஆண் நிற்றல் பொருந்தாக் கூட்டமாதலின் நான்காவது பெருந்திணை. எஞ்சிய ஐந்தையும் ஐந்திணையோடு பொருத்துதல் முனைவர் பட்டம் வேண்டுவோர்க்கு விடப்படுகிறது.

இம்முறைகேடுகளுக்கு மருந்தாக, ஏற்றிய படங்களை ஊராட்சி அளவில் நூற்றுக்கு நூறும் மனிதரே சரிபார்க்க வேண்டும் என்று அச்சுற்றறிக்கை விதித்தது. மனிதரை நம்ப இயலாது என்று கொண்டுவந்த கருவியை, மனிதரைக் கொண்டே நம்பவைக்கும் இந்நெறிக்கு அளவை நூலில் இன்னும் பெயர் சூட்டப்படவில்லை.

5. முன்னோர் நெறி

உத்திரமேரூர்ச் சபை வாரியங்களுக்கு ஆளெடுக்க ஒரு தொழில்நுட்பத்தைக் கொண்டிருந்தது. கருவி குடம், தரவு ஓலை, எடுப்பவன் ஒரு சிறுவன். முதற் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது 919இல், அதன் விதிகள் கல்லில் வெட்டப்பட்டன. வயது வரம்பு முப்பதுக்கு மேல் அறுபதுக்குள் என்றிருந்தது. இரண்டே ஆண்டில், 921இல், விதிகள் திருத்தப்பட்டு வரம்பு முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என்று மாறிற்று. இதை மக்களாட்சி என்று கொண்டாடும் அறிஞரும், அன்று என்று மறுக்கும் அறிஞரும் இன்னும் ஒரே கருத்தரங்கில் மதிய உணவு உண்டு வருகின்றனர். சொந்த நிலமும் மனையும் வேதப் பயிற்சியும் கேட்ட அக்குடத்தில், ஏரியைத் தூர்வாரும் பெண்ணின் பெயர் விழ வழியே இருந்ததில்லை. ஏரிவாரியத்துக்கு மட்டும் ஆறு பேர் இருந்தனர்.

ஆயினும் இரண்டு செய்திகள் கொள்ளத்தக்கன. ஒன்று, விதி சரிப்படாதபோது அதற்குட்பட்டவரே கூடியிருந்து அதை மாற்றினர்; மாற்றியதையும் வருவோர் போவோர் படிக்கச் சுவரில் வெட்டினர். மற்றொன்று, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற்போனவர் பெயரும் அவர்தம் உறவினர் பெயரும் குடத்தில் இடப்படலாகாது என்றனர். கணக்குக் கேட்கும் அதிகாரம் உடையவரிடமே கணக்குக் கேட்டனர். செயலி நெறியிலோ கணக்குக் காட்டுபவள் நாளுக்கு இருமுறை முகம் காட்டும் தொழிலாளி ஒருத்தியே. திரையில் வட்டம் சுற்றிய நேரத்துக்கு எவரும் கணக்குக் காட்டியதில்லை.

முடிபு

தமிழ்நாட்டில் 2025-26ஆம் ஆண்டுக்கு இத்திட்டத்தின் நாட்கூலி 336 ரூபாயாக இருந்தது. இசைவு என்பது அத்தொகை தவறாமல் கைக்கு வருமா என்னும் கேள்விக்குக் கிடைக்கும் விடையே. பயிற்சிப் பட்டறையிலோ விழிப்புணர்வுப் பதாகையிலோ அது விளைவதில்லை. எனவே அடுத்த செயலியை ஆக்குவோர், ஆக்குமுன் ஏரிக்கரையில் ஒரு முற்பகல் அமர்ந்து பயன்படுத்துவோரைக் கேட்க வேண்டும். கருவி பழுதுபட்டுப் படம் ஏறாத நாளுக்கும் கூலி உண்டு, அதற்கு மனுவும் வேண்டியதில்லை என்று ஊராட்சி அலுவலகச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதிவைக்க வேண்டும். இவ்விரண்டும் நடந்துவிட்டால் தொழிலாளர் இசைவு பற்றி மேலும் ஆராய ஒன்றுமிராது. அத்துறை ஆய்வாளர்க்கு ஏரியில் வேலை இருக்கிறது, மண்வெட்டியோடு வரலாம்.