இத்தாலித் தம்பி

வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளில், தேயிலையில் பி.ஓ.பி., டஸ்ட் என்று பிரிப்பதுபோல ரகம் உண்டு. பனியைப் படமெடுத்து அனுப்புவது ஒரு ரகம். வாடகையைச் சொல்லி அழுவது இன்னொன்று. இத்தாலித் தம்பி கோப்பி ரகம்.

மடுல்சீமைப் பக்கத்து லயமொன்றில் பிறந்து, பதுளையில் உயர்தரம் எழுதி, பேராதனையில் பௌதிகவியல் படித்து, உதவிப்பணத்தில் திரியெஸ்தே போய்ச் சேர்ந்தவர். 1964இல் அப்துஸ் சலாம் தொடங்கிய கோட்பாட்டுப் பௌதிகவியல் மையம் அந்த ஊரில்தான் இருக்கிறது. படிப்பைப் பற்றி வீட்டில் அதிகம் பேசமாட்டார். பேசினாலும் யாருக்கு விளங்கும்? ஆகவே கோப்பியைப் பற்றிப் பேசுகிறார்.

அவர் காலை எட்டரைக்கு நுரைக் கோப்பியும் கையுமாக வீடியோ அழைப்பு எடுத்தால் இங்கே பகல் ஒரு மணி. அம்மா கொழுந்து நிறுக்கும் வரிசையில் நிற்பாள்; நிறை குறைந்தால் அரைப் பேரு, அதாவது அரைநாள் சம்பளம்தான். தராசுச் சத்தத்துக்கிடையில் பாடம் நடக்கும். "இங்க எஸ்பிரெசோன்னு கேக்க மாட்டாங்கம்மா, நேரோன்னு கேக்கணும். பால் நுரை போட்டா காப்போ. அதையே சின்னக் கிளாசுல வாங்கினா காப்போ இன் பி." கங்காணி பார்ப்பதற்குள் அம்மா போனை மடிக்குள் செருகிவிடுவாள். தம்பி இடுப்பு இருட்டுக்குள்ளிருந்து தொடர்ந்து விளக்குவார்.

புறப்படும் வரை அவர் அறிந்த கோப்பி, காய்ச்சலுக்கு அப்பாயி கொத்தமல்லியும் இஞ்சியும் தட்டிப்போட்டுக் கொடுத்தது ஒன்றுதான். இப்போது பகல் பதினொரு மணிக்குமேல் யாராவது கப்புச்சினோ குடித்தால் மனசு கெட்டுப் போகிறார்.

1914இல் திறந்த சான் மார்க்கோ கோப்பிக்கடையில், நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் கூடுதல் விலை. தம்பி பெரும்பாலும் நிற்பார். உதவிப்பணம் வந்த அன்று மட்டும் உட்காருவார். ஒரு நேரோவை ஆறவிட்டு, மடியில் ஜேம்ஸ் ஜாய்ஸ் புத்தகத்தை விரித்து, வாசலைப் பார்த்தபடி இருப்பார். கால்வாய்ப் பாலத்தில் தொப்பியோடு நிற்கும் ஜாய்ஸ் சிலையின் தோளில் கைபோட்டு எடுத்த படத்துக்குக் கீழே பசறை மாமா எழுதியிருந்தார்: "இந்தத் துரை யார் தம்பி, ஒங்க சேரா?"

ஒபேரா விஷயம் இதைவிடப் பெரியது. வெர்தி பெயரிலுள்ள அரங்கில் மேல்மாடி டிக்கெட் எடுத்து 'லா திராவியாதா' பார்த்துவிட்டு, யூடியூபில் கடைசிக் காட்சியைத் தேடி அப்பாயிக்கு அனுப்பினார்.

"ஏன்டா ராசா, இவளுக்கு என்னா?"

"காசம் அப்பாயி. சாகப் போறா."

"காசக்காரிக்கு இம்புட்டு மூச்சு எங்கேருந்துடா வருது?"

தம்பி கலைக்கும் மூச்சுக்கும் உள்ள தொடர்பை நீளமாக விளக்கினார். மாசியில் தோட்டத்தில் காமன் கூத்து நடக்க, மன்மதன் எரிந்தபின் ரதி வைக்கும் ஒப்பாரியை எழுந்துவந்து பார்க்காமல், கம்பளிக்குள் சுருண்டு டியூஷன் பேப்பர் செய்த பிள்ளை இது. அப்பாயி அதை மறக்கவில்லை. "நம்ம ரதி தேவல. சாகாதவதானே, மூச்சு இருக்கும், அழுவா."

போரா என்ற காற்று அடித்தால் திரியெஸ்தேக்காரர் பிடித்து நடக்க வீதியில் கயிறு கட்டிய காலமும் உண்டு என்றார் ஒருநாள். கச்சான் காற்றுக்குக் கூரைத் தகரத்தில் கல் ஏற்றி வைத்தே வயதான கிழவிக்கு அது செய்தியாகப் படவில்லை.

எத்தியோப்பியா, பிரேசில் என்று கோப்பியின் பூர்வீகம் பேசும் தம்பிக்குத் தன் பூர்வீகத்தைச் சொன்னவர் ஒரு கோப்பிக்கடைக்காரர். சிலோனா என்று கேட்டு, அந்தத் தீவின் கோப்பியை இலைத்துரு நோய் தின்ற கதையைச் சொல்லியிருக்கிறார். தம்பி அறைக்கு ஓடித் தேடினார். நோய் 1869இல் முதலில் கண்ணில் பட்டது மடுல்சீமையில்! தேயிலைக்கு முன் இந்த மலையெல்லாம் கோப்பி; பூட்டனுக்குப் பூட்டன் கடல் கடந்து, காடு நடந்து வந்ததும் அதைப் பறிக்கத்தான். ஆபிரகாம் ஜோசப் எழுதிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' அச்சானதும் அதே 1869. நடும் விதத்துக்குக் கும்மி வந்த வருஷமே செடிக்கு எமனும் வந்திருக்கிறான். அன்றிரவு தம்பி தூங்கவில்லை. நான்கு நேரோ குடித்ததும் காரணமாக இருக்கலாம்.

விடுமுறைக்கு வந்தவர் மோக்காப் பாத்திரமொன்று கொண்டுவந்தார். விறகடுப்பில் ஏற்றியதும் அதன் பிளாஸ்டிக் கைப்பிடி உருகி ஒழுகியது. அப்பாயி குறட்டால் பிடித்து இறக்கி வைத்துவிட்டு, லயத்துக்குப் பின்னால் கோழிக்கூட்டருகே நிற்கும் கோப்பி மரத்தைக் காட்டினாள். இத்தனை வருஷமும் தம்பி அதில் துவாய்தான் காயப்போட்டிருந்தார். படமெடுத்தார், திரியெஸ்தே நண்பர்களுக்கு அனுப்பினார், பழத்தைக் கடித்து 'பூ வாசனை' என்றார். பிறகு ஒரு வாளியை எடுத்துக்கொண்டு, பழுத்தது மட்டும்தான் பறிக்கவேண்டும் என்று அப்பாயிக்கே சொல்லிக்கொடுத்தபடி ஏறினார்.

மதியத்துக்கு இறங்கியபோது வாளியின் அடி மறைந்திருந்தது, அவ்வளவுதான். அப்பாயி எட்டிப் பார்த்தாள்.

"இதுக்கு அரைப் பேருதான்டா போடுவேன்."