இறக்கத்திலும் மிதிப்பவர்

இறக்கம் வந்தால் சைக்கிள்காரர்கள் எல்லாரும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். மிதிப்பதை நிறுத்திவிட்டு, முகத்தில் காற்று வாங்கிக்கொண்டு, சும்மா உட்கார்ந்திருப்பார்கள். மேட்டில் பட்ட பாட்டுக்குப் பள்ளம் கொடுக்கிற கூலி அது. அந்தக் கூலி எனக்கு வேண்டவே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர் நம் ஃபிக்ஸித் தம்பி.

சாதாரண சைக்கிளின் பின்சக்கரத்தில் ஃப்ரீவீல் என்று ஒரு உபகாரி இருக்கிறது. நாம் காலை நிறுத்தினால், அது டிக்டிக் என்று முணுமுணுத்துக்கொண்டே சக்கரத்தை அதன் போக்கில் ஓட விடும். ஃபிக்ஸியில் அது கிடையாது. பல்சக்கரம் ஹப்போடு இறுகிப் போயிருக்கும். சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும், பெடல் சுற்றினால் காலும் சுற்றியே ஆக வேண்டும். குழந்தைகளின் மூன்று சக்கர வண்டி மாதிரி. பின்னால் மிதித்தால் வண்டி பின்னாலேயே போகும். கியர் ஒன்றே ஒன்று.

தம்பிக்கு இருபத்துநான்கு வயது இருக்கும். தேசிய சேவை முடித்து, வேலைக்குப் போய், சிங்கப்பூர் வீவக வீட்டில் அம்மா அப்பாவோடு இருப்பவர். கால்சட்டையின் வலது காலை மட்டும் முழங்கால் வரை சுருட்டி விட்டிருப்பார். செயின் அந்தப் பக்கம்தான். மடிப்புத் துணி அதில் சிக்கினால் சக்கரம் நிற்காது, துணிதான் போகும், அதற்குப் பின்னால் காலும். ஏன் இந்த வண்டி என்று கேட்டால் மூன்றே சொல்லில் பதில் வரும்: “சிம்பிள். லேசு. மலிவு.” மூன்றாவது சொல் வரும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கும். அம்மா அடுப்படியில் இருக்கிறார்.

முதல் வண்டி உண்மையிலேயே மலிவுதான். கரோசல் இணையச் சந்தையில் பார்த்தது, 180 வெள்ளி. எம்ஆர்டி நிலைய வாசலில் சந்திப்பு. விற்க வந்தவரும் ஒல்லி, அவருக்கும் வலது கால் சுருட்டல். தம்பி பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார், செயினை விரலால் அமுக்கிப் பார்த்தார், எல்லாம் தெரிந்தவர் போல ‘ம்’ கொட்டினார்.

“ஏன் விக்கிறீங்க ப்ரோ?”

“அப்கிரேட் ப்ரோ.”

அந்தச் சொல்லிலேயே எச்சரிக்கை இருந்தது. தம்பி பத்து வெள்ளி குறைப்பதில் மும்முரமாக இருந்ததால் காதில் விழவில்லை.

முதல் வாரம் பெடல். வெறும் பெடலில் கால் நழுவினால் அது நமக்காகக் காத்திருக்காது, சுற்றி வந்து கெண்டைக்காலைப் பதம் பார்க்கும். ஆகவே வார் வைத்த பெடல். பெடல் நல்லதாகிவிட்டதால் கிராங்க் மட்டமாகத் தெரிந்தது. கிராங்க் மாறியதும் செயின் உறுத்தியது. பிறகு ஹேண்டில்பார். 60 வெள்ளி கொடுத்துப் புதிதாக வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, இரண்டு பக்கமும் ரம்பத்தால் அறுத்து எறிந்தார். எறிந்த துண்டுகளுக்கும் சேர்த்துத்தான் அந்த 60 வெள்ளி. கேட்டால், நியூயார்க்கில் கார்களுக்கு இடையே நுழைவதற்காக இப்படித்தான் குறுக்குவார்கள் என்றார். தம்பி நுழைய வேண்டியிருந்தது ஈசூன் புளோக்கின் மின்தூக்கியில்.

இந்த உலகத்தின் விலைவாசி தனி ரகம். வண்டியில் எது குறைகிறதோ, அதற்குத்தான் பணம் கட்ட வேண்டும். 36 கம்பி உள்ள சக்கரம் மலிவு. ஐந்தே கால் உள்ள ஏரோஸ்போக் சக்கரம் அதைப்போல் பல மடங்கு. மெத்தை வைத்த சீட்டு மலிவு. மெத்தையே இல்லாத சீட்டு வாங்கச் சம்பள நாள் வர வேண்டும். பேட்டைக் கடைக்காரர் ஒருவர், நாற்பது வருடமாகச் சைக்கிள் பழுது பார்க்கிற சீன அங்கிள், தம்பியிடம் ஒரு நாள் கணக்குக் கேட்டார். “முழு வண்டி 200 வெள்ளிக்குத் தர்றேன், கியர், பிரேக், மட்கார்டு, பெல் எல்லாம் இருக்கு. எல்லாத்தையும் கழட்டித் தரணும்னா இன்னும் எவ்வளவு கொடுப்பே?” தம்பி சிரிக்கவில்லை. அவர் உண்மையாகவே யோசித்தார் என்று நினைக்கிறேன்.

இந்தப் பக்திக்கு இரண்டு புண்ணியத் தலங்கள். ஒன்று நியூயார்க். அங்கே கடிதமும் பொட்டலமும் கொண்டுபோன மெசெஞ்சர் பையன்கள் பந்தயத் தடத்துக்கான சைக்கிளைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். காரணம் தத்துவம் அல்ல, வயிறு. கெட்டுப்போக உதிரிபாகம் குறைவு, திருடனுக்கும் கழற்றிக்கொண்டு போக அதிகம் இல்லை. அவர்களில் ஒருவரான நெல்சன் வெய்ல்ஸ் 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் ஸ்பிரிண்ட் போட்டியில் வெள்ளிப் பதக்கமே வாங்கினார். தம்பியின் அறைச் சுவரில் அவர் படம் இருக்கிறது, முருகன் நாள்காட்டிக்குச் சற்று மேலே. அம்மா அதைக் கீழே இறக்குவார், தம்பி மேலே ஏற்றுவார்.

இன்னொரு தலம் ஜப்பான். அங்கே கெய்ரின் என்கிற சைக்கிள் பந்தயம் 1948-இல் கொக்குராவில் தொடங்கியது. குதிரைப் பந்தயம் போலவே பணம் கட்டிப் பார்ப்பது. ஒருவருடைய வண்டி மற்றவருடையதைவிட உசத்தி என்று ஆகிவிட்டால் பணம் கட்டியவன் சும்மா இருப்பானா? அதனால் சட்டத்திலிருந்து திருகாணி வரை ஒப்புதல் பெற்ற பாகம்தான் போட வேண்டும், அதில் என்ஜேஎஸ் என்று முத்திரை இருக்க வேண்டும். யாருடைய வண்டியும் யாருடையதையும்விட மேலாக இருக்கக்கூடாது என்பதற்காகக் குத்தப்பட்ட முத்திரை அது. தம்பி தம் வண்டி எல்லார் வண்டியையும்விட மேலானது என்று காட்ட அதைத் தேடித் தேடி வாங்குகிறார். போன மாதம் முத்திரை குத்திய சீட்டுத் தண்டு ஒன்று ஒசாகாவிலிருந்து வந்து சேர்ந்தது. முத்திரை இருக்கிற பகுதி வண்டிக்குள் மறைந்துவிட்டது. “நமக்குத் தெரியும்ல” என்றார்.

கெய்ரின் வண்டிக்குப் பிரேக் இல்லை, உண்மைதான். அந்த மைதானத்தில் எல்லாரும் ஒரே திசையில் போகிறார்கள். தள்ளுவண்டியில் காய்கறியோடு குறுக்கே வருகிற பாட்டி அங்கே கிடையாது. ஈசூனில் உண்டு. சிங்கப்பூர்ச் சட்டம் அந்தப் பாட்டியை நினைத்துத்தான் சைக்கிளில் ஒரு கைப்பிரேக்காவது வேலை செய்ய வேண்டும் என்கிறது. தம்பியும் முன்சக்கரத்துக்கு ஒன்று வைத்திருக்கிறார். கடையிலேயே மிகச் சின்னதாகப் பார்த்து எடுத்தது. “சட்டத்துக்காக” என்பார், ஹெல்மெட் போட்ட மாப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டு. அது இரண்டு முறை அவரைக் காப்பாற்றியிருக்கிறது. அதை நண்பர் குழாமில் வெளியிடுவதில்லை.

குழாமில் மதிப்பு ஸ்கிட் போடுவதற்குத்தான். உடம்பை முன்னால் சாய்த்து, பின்சக்கரத்தின் மேலிருந்து பாரத்தை எடுத்து, இரண்டு காலையும் அப்படியே பூட்டினால் சக்கரம் சுற்றாமல் தரையில் இழுபடும். வண்டி கிறீச்சிட்டுக்கொண்டே நிற்கும், சில சமயம் நிற்காது. இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. முன்பல் 48, பின்பல் 16 என்றால் சரியாக மூன்றுக்கு ஒன்று. எப்போதும் அதே கால் முன்னே இருக்கப் பூட்டினால் டயரின் அதே இடம்தான் ஒவ்வொரு முறையும் தேயும். பின்பல்லை 17 ஆக்கினால் தேய்மானம் 17 இடங்களுக்குப் பிரிந்துவிடும். 17 பகா எண், 48-ஐ வகுக்காது. 46-க்கு 16 என்றால் சுருக்கினால் 23-க்கு 8, ஆகவே எட்டு இடம். தம்பி இதையெல்லாம் காகிதம் இல்லாமல் சொல்வார். நான் இருந்தபோது அம்மா கரண்டியோடு வெளியே வந்து நின்று கேட்டார்.

“இதுவா பகா எண்? உயர்நிலை இரண்டுல இதுக்குத்தானேடா மாசம் 200 வெள்ளி டியூஷன் கட்டினேன்?”

“அப்ப டயர் இல்லைம்மா.”

டயருக்கு வருவோம். பிரேக் கட்டை ஒரு ஜோடி 8 வெள்ளி. அதை மிச்சம் பிடித்து, 40 வெள்ளி டயரை மாதத்துக்கு ஒன்றாகத் தேய்க்கிறார்.

வாங்குவது ஒரு கட்டம், கட்டுவது அடுத்த கட்டம். குப்பை போடும் இடத்தில் யாரோ விட்டுப்போன பழைய கியர் வண்டி ஒன்று தம்பி கண்ணில் பட்டது. இலவசம். இலவசத்தைப் போலச் செலவு வைக்கிறது வேறு எதுவும் இல்லை. பின்சக்கரம் உட்காரும் இடைவெளி அதில் 126 மில்லிமீட்டர், டிராக் ஹப்போ 120. இரும்புச் சட்டம், வளைக்கலாம் என்றார்கள். அந்த இரவு சட்டத்துக்குள் அம்மாவின் சப்பாத்திக் கட்டை ஒன்று வேலை செய்தது என்று கேள்வி. நல்லவேளையாக அச்சு நுழைகிற துளை படுக்கை வாட்டில் இருந்தது. சக்கரத்தைப் பின்னால் இழுத்துச் செயினை இறுக்கலாம். செங்குத்தாக இருந்திருந்தால் இழுக்க இடமே இல்லை, அதற்கென்று தனி உபகரணம், தனி விலை.

பிறகு லாக்ரிங். பல்சக்கரத்தை இறுக்கி அதன்மேல் போடுகிற பூட்டு வளையம். பல்சக்கரத்துக்கு வலது மரை, இதற்கு இடது மரை. பின்னால் மிதிக்கும்போது பல்சக்கரம் கழல வந்தால், வளையமும் அதே பக்கமாகத் திரும்பி இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்பதற்காக. எவனோ மிகப் புத்திசாலி யோசித்தது. தம்பி அதை வலது பக்கமாகவே இறுக்கினார், இறுக்கினார், மரை மாவாகும் வரை இறுக்கினார். ஹப்பு போயிற்று. சீன அங்கிள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஒரு கோப்பி ஓ வாங்கிக் கொடுத்தார். இலவச வண்டிக்கு அதுவரை 340 வெள்ளி ஆகியிருந்தது.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். ஆறு மாதத்துக்கு முன் டயருக்குக் காற்றடிக்கத் தெரியாத பிள்ளை, இப்போது ஹப்பைப் பிரித்து, குண்டுகளைத் துடைத்து, கிரீஸ் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மூடுகிறது. புளோக்கின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமை காலை சிறுவர்கள் தங்கள் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நிற்கிறார்கள். காசு வாங்குவதில்லை. வாங்கியிருந்தால் அந்த ஹப்புக்காவது ஆகியிருக்கும்.

ஓட்டுவதைப் பார்க்க வேண்டுமானால் சிவப்பு விளக்கில் பார்க்க வேண்டும். எல்லாரும் காலைத் தரையில் ஊன்றி நிற்பார்கள். தம்பி ஊன்றமாட்டார். முன்சக்கரத்தைச் சாய்த்து, பெடலை இம்மி முன்னே இம்மி பின்னே அசைத்து, வண்டியை ஒரே இடத்தில் நிறுத்தி வைப்பார். டிராக் ஸ்டாண்ட். பார்க்காதது போல நாமும் பார்ப்போம், பார்க்கப்படாதது போல அவரும் நிற்பார். பச்சை விழுந்ததும் நாம் போய்விடுவோம். அவர் மட்டும் நிலை கலைந்து வேலியைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

இறக்கம்தான் பரீட்சை. 46-க்கு 16 கியரில் பெடல் ஒரு முழுச் சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ 6 மீட்டர் போகும். பூங்கா இணைப்புப் பாதையில் அனுமதித்த வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். அதற்கு நிமிடத்துக்கு 69 சுற்று, பேசிக்கொண்டே மிதிக்கலாம். மவுண்ட் ஃபேபர் சரிவில் 40-ஐத் தொட்டால் 110 சுற்று. அப்போது தம்பி காலைச் சுற்றுவதில்லை, கால்தான் தம்பியைச் சுற்றுகிறது. மேலே ஏறும்போது “கியர் வேணாம், கால் போதும்” என்று சொன்ன வாய், கீழே வரும்போது ஓசையில்லாமல் திறந்திருக்கும்.

டூர் டி பிரான்ஸைத் தொடங்கிய ஆன்ரி தெக்ராஞ் தம்பிக்கு ஆதார புருஷர். கியர் மாற்றுவதெல்லாம் 45 வயதைத் தாண்டியவர்களுக்கு என்று 1902-லேயே எழுதிய மனுஷன். கியர் மாற்றும் டெரெய்லரை அந்தப் பந்தயத்துக்குள் 1937-இல்தான் விட்டார்கள். தம்பி இதைச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் வயதைக் கண்ணால் ஒரு தடவை அளப்பார். எனக்கு 52. பரிதாபப்பட்டார்.

அவருடைய முழங்காலுக்குத் தெக்ராஞ்சைத் தெரியாது போலிருக்கிறது. புதிய ஹப் இரட்டை வகை. ஒரு பக்கம் ஃபிக்ஸி, மறுபக்கம் ஃப்ரீவீல், சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டால் ஆள் மாறிவிடும். மறுபக்கம் சும்மா வந்தது, தொடவே மாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தார். போன மாதம் மண்டாய் சாலைப் பக்கமிருந்து இரவு பத்து மணிக்குத் திரும்பியவர் தாழ்வாரத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது, டிக்டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டிலிருந்த நான் கதவைத் திறந்தேன். அவர் பலமாக இருமினார்.

இப்போது பை. அம்மா 5 கிலோ அரிசி வாங்கி வரச் சொன்னார். கேரியர் இல்லை, கூடை இல்லை, கைப்பிடியில் தொங்கவிட்டால் முழங்காலில் இடிக்கும். “அதுக்குத்தாம்மா மெசெஞ்சர் பேக்” என்று தம்பி 190 வெள்ளிக்கு ஒன்று வரவழைத்தார். அரிசி 15 வெள்ளி. பை வந்து சேர நாலு நாள் ஆயிற்று. அதுவரை வீட்டில் மீகோரெங்.

பையைக் கொண்டுவந்தவர் ஐம்பதை நெருங்குகிற ஒரு தமிழர். மின்சைக்கிளை மின்தூக்கியிலேயே ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். முன்னால் கம்பிக் கூடை, பின்னால் பெரிய பெட்டி. நாளெல்லாம் பொட்டலம் சுமக்கிறவர். சுவரில் சாய்ந்திருந்த தம்பியின் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார், ஒரு கையால் தூக்கினார்.

“லேசாத்தான் இருக்கு தம்பி. இதுல கேரியர் வைக்க முடியாதா?”

“வைக்கலாம்ணே. ஆனா வெயிட் கூடிடும்.”

அவர் தலையாட்டினார். அதற்குள் அம்மா வாசலுக்கு வந்துவிட்டார். “நீங்க கீழேதானே போறீங்க? திரும்பி இந்தப் பக்கம் வருவீங்கன்னா, கடையிலேர்ந்து ஒரு 5 கிலோ அரிசி எடுத்துட்டு வர முடியுமா? காசு இப்பவே தர்றேன்.”

அவர் கூடையைத் தட்டிக் காட்டினார். “பத்து கிலோவாவே சொல்லுங்கக்கா.”