முதலில் கண், பிறகு காணி

இந்த வாரம் விமானி ஆக நினைக்கும் பிள்ளைகளும், அவர்களைப் பெற்றதால் தூக்கம் இழந்தவர்களும் கேட்டிருக்கிறார்கள்.

பத்தாம் வகுப்பு முடித்துவிட்டேன். பைலட் ஆக இன்றைக்கே என்ன செய்ய வேண்டும்?
(மாணவன், நாகல்நகர்)

இயற்பியலும் கணிதமும் உள்ள பிரிவில் பிளஸ் ஒன் சேர். இன்றைய வேலை முடிந்தது. மாணவ விமானி உரிமத்துக்கு 16 வயது, சொந்தமாக ஓட்டிப் பார்க்கும் பி.பி.எல். உரிமத்துக்கு 17, சம்பளத்துக்கு ஓட்டும் சி.பி.எல். உரிமத்துக்கு 18. கேப்டன் ஆவதற்கான ஏ.டி.பி.எல்.லுக்கு 21 வயதோடு 1,500 மணி நேரம் பறந்த கணக்கும் வேண்டும். இவையெல்லாம் குறைந்தபட்ச வயது. 25-ல் உரிமம் வாங்கியவரும் அதே விமானத்தைத்தான் ஓட்டுகிறார்.

என் மகன் ஏழாம் வகுப்பிலிருந்து கண்ணாடி போடுகிறான். ஆசையை இப்போதே கிள்ளிவிடலாமா?
(ஓர் அம்மா, சின்னாளபட்டி)

வேண்டாம்மா. கண்ணாடி போட்டுப் பார்வை சரியாகத் தெரிந்தால், வரம்புக்குள் அனுமதி உண்டு. கண்ணாடி போட்ட கேப்டன்கள் நிறையப் பேர். நிறம்தான் உண்மையான கண்டம். புள்ளிகளுக்குள் எண்ணை ஒளித்துவைத்த இஷிஹாரா அட்டையைக் காட்டி வாசிக்கச் சொல்வார்கள். சுங்குடிச் சேலைக்கு நடுவில் வளர்ந்த பிள்ளைக்கா நிறம் தெரியாது என்று நினைக்காதீர்கள். சிவப்பு, பச்சைக் குழப்பம் இருப்பது பல ஆண்களுக்குத் தங்களுக்கே தெரியாது. அது பெரும்பாலும் தாய்வழி வருவது. தாய்க்குக் குறை இருக்காது, மகனுக்கு வரும். உங்கள் ஊர் கண் டாக்டரிடம் அந்த அட்டை இருக்கும். பத்து நிமிஷ வேலை. இன்று சாயங்காலமே போய்வாருங்கள்.

முருங்கைத் தோட்டம் மூன்று ஏக்கர் இருக்கிறது. விற்றுப் பையனைப் பைலட் ஆக்கலாம் என்று இருக்கிறேன். புரோக்கர் முன்பணம் கேட்கிறார்.
(விவசாயி, ஒட்டன்சத்திரம்)

அண்ணே, பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். சாவியை அண்ணியிடம் கொடுத்துவிடுங்கள்.

இந்தப் படிப்பில் பணம் போகும் வரிசைதான் முக்கியம். முதலில் இரண்டாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனை. அதற்கான டாக்டர்கள் பட்டியல் மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.விடம் இருக்கிறது. அடுத்து இன்னும் கறாரான முதல் வகுப்புப் பரிசோதனை. இரண்டுக்கும் சேர்த்து ஆகும் செலவு ஆயிரக்கணக்கில்தான். அதன்பின் எழுத்துத் தேர்வு: வழிகாணல், வானிலை, விமானச் சட்டம், தொழில்நுட்பம். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 70 வாங்கினால்தான் தேர்ச்சி. பறக்கத் தொடங்கும் முன்பே இவற்றை முடித்துவிடலாம், முடிப்பதுதான் நல்லது. உடம்பு ஒத்துக்கொண்டது, படிப்பும் ஏறுகிறது என்று தெரிந்தபிறகு தோட்டத்தைப் பற்றிப் பேசுங்கள். புரோக்கருக்கு இந்த வரிசை பிடிக்காது. அவருக்குப் பணம் முதலில், பையனின் கண் கடைசியில்.

இனி பெரிய செலவு. சி.பி.எல். வாங்க 200 மணி நேரம் பறக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் பொறுப்பு விமானியாக. ஒரு பயணம் 300 கடல் மைல், அதாவது 555 கிலோமீட்டர். திண்டுக்கல்லிலிருந்து சென்னைக்குப் போவதைவிடத் தொலைவு. பள்ளிக்குப் பள்ளி கட்டணம் மாறும். 50 லட்சம் என்றே வைத்துக்கொள்வோம். 200 மணி நேரம் என்பது 12,000 நிமிஷம். நிமிஷத்துக்கு 400 ரூபாய்க்கு மேல். பையன் ஓடுபாதை ஓரத்தில் முன்னால் போகும் விமானத்துக்கு வழிவிட்டு நிற்கும்போதும் உங்கள் முருங்கை எரிந்துகொண்டிருக்கும்.

உரிமம் வாங்கியதோடு முடியவில்லை. ஏர்பஸ் 320, ஏ.டி.ஆர். என்று எந்த ரக விமானம் ஓட்டப்போகிறானோ அதற்குத் தனியாக ‘டைப் ரேட்டிங்’. இன்னும் பல லட்சம். பெரிய விமான நிறுவனங்கள் நடத்தும் கேடட் திட்டத்தில் எல்லாம் சேர்ந்து கோடியைத் தொடும். கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கி பொதுவாகச் சொத்தை ஈடு கேட்கும். ஆக, எப்படிச் சுற்றினாலும் கதை அந்த மூன்று ஏக்கருக்குத்தான் வருகிறது.

மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பள்ளிக்கு நேரில் போங்கள். எத்தனை விமானம் என்று கேட்காதீர்கள். இன்று காலை எத்தனை பறந்தது என்று கேளுங்கள். பயிற்சியாளர் எத்தனை பேர், போன அணி 200 மணி நேரம் முடிக்க எத்தனை மாதம் ஆனது என்று அங்கே படிக்கும் பிள்ளைகளை டீக்கடையில் பிடித்து விசாரியுங்கள். 2025 முதல் டி.ஜி.சி.ஏ. பயிற்சிப் பள்ளிகளைத் தரம் பிரித்துப் பட்டியல் போடுகிறது. அதையும் பாருங்கள், ஆனால் டீக்கடையைத் தவறவிடாதீர்கள்.

‘ஏவியேஷன்’ டிகிரி படித்தால் பைலட் ஆகலாம் என்று பஸ் ஸ்டாண்டில் போஸ்டர் பார்த்தேன்.
(மாணவி, பழனி ரோடு)

டிகிரி கிடைக்கும். விமானம் போஸ்டரில் மட்டும் இருக்கும்.

பக்கத்தில் எங்கே பறக்கப் பழகலாம்?
(மாணவன், நிலக்கோட்டை)

பக்கத்தில் என்று பார்க்காதே. திருச்சிக்கு பஸ் ஏறுவதுபோல் இல்லை இது, எப்படியும் ஹாஸ்டல்தான். அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உடான் அகாடமி உத்தரப் பிரதேசத்தின் ஃபுர்சத்கஞ்சில் 1985 முதல் இருக்கிறது. நுழைவுத் தேர்வு எழுதித்தான் போக முடியும். தமிழ்நாட்டில் பழம்பெரும் பெயர் மெட்ராஸ் ஃபிளையிங் கிளப். இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட ஓடுபாதைகள் செட்டிநாடு, கயத்தாறு, உளுந்தூர்பேட்டை, சோழவரம் என்று நம் மாநிலத்தில் வரிசையாக உண்டு. அவற்றில் பாதியைப் பயிற்சிக்குத் திறந்துவிட்டிருந்தால் உன்னை நான் ஃபுர்சத்கஞ்சுக்கு அனுப்பவேண்டி இருந்திருக்காது.

வெளிநாட்டுக்குப் போய்ப் பழகினாலும், திரும்பி வந்து இங்கே டி.ஜி.சி.ஏ. தேர்வுகளை எழுதியே தீரவேண்டும்.

விமானப் படை அகாடமி திண்டுக்கல்லிலேயே இருக்கிறது என்று நண்பன் அடித்துச் சொல்கிறான்.
(மாணவன், பேகம்பூர்)

அது ஹைதராபாத் பக்கத்திலுள்ள துண்டிகல். நண்பனை ரயிலேற்றி அனுப்பிவிடாதே. ஆனால் அந்த வழியும் நல்ல வழி. பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம் எடுத்து, தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கான என்.டி.ஏ. தேர்வு எழுதித் தேறினால் பயிற்சிக்குக் காசு கிடையாது. தம்பி தங்கை இருந்தால், உடுமலை பக்கம் அமராவதிநகரில் 1962-ல் தொடங்கிய சைனிக் பள்ளியைப் பற்றிச் சொல். ஆறாம் வகுப்பிலும் ஒன்பதிலும் சேர்க்கிறார்கள். ஒன்று மட்டும்: சீருடை போட்டால் நாடு கேட்கும் ஆண்டுகளைக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வரலாம். ஓசியில் கற்றுக்கொண்டு இண்டிகோவுக்கு ஓடிவிட முடியாது.

பைலட்டுக்கு இயற்பியல் எதற்கு? பட்டனை அழுத்தினால் போகாதா?
(பிளஸ் ஒன் மாணவி, வேடசந்தூர்)

நல்ல கேள்வி, பதிலுக்கு மதுரை வரை போகவேண்டும். அங்கே ஓடுபாதையின் பெயர் 09/27. கிழக்கு 90 டிகிரி, மேற்கு 270; கடைசிப் பூஜ்யத்தை வெட்டிவிட்டார்கள். ஆடிக் காற்று நமக்கு மேற்கிலிருந்து வருகிறது. விமானம் ஏறுவதும் இறங்குவதும் எதிர்க்காற்றில். ஆகவே ஆடியில் 27 எண் பக்கத்துக்கு மவுசு. பயிற்சி விமானம் எழும்ப இறக்கையைத் தாண்டி 60 நாட் வேகத்தில் காற்று ஓடவேண்டும் என்று வை. எதிரே 20 நாட் காற்று அடித்தால் தரையில் 40 ஓடினாலே போதும். அம்மியைப் பறக்கவைக்கும் காற்று விமானத்துக்கு இலவசமாகக் கொடுப்பது அந்த 20.

சித்திரை மதியம் அப்படியே தலைகீழ். வெயிலில் காற்று விரிந்து அடர்த்தி குறையும். இறக்கைக்குத் தூக்கும் பலம் குறையும், எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும், ஓடுபாதையில் அதிகத் தூரம் ஓட வேண்டிவரும். காலையில் நாலு பேரோடு ஏறிய விமானம் மதியம் அதே நாலு பேரைத் தூக்க யோசிக்கும். இதைக் கணக்குப் போட்டுச் சொல்வதுதான் உன் வேலை. பட்டன் அதற்கு அப்புறம்.

தென்மேற்குப் பருவத்தில் பழனி மலைக்கு அந்தப் பக்கம் கொட்டும்போது வேடசந்தூர் ஏன் காய்கிறது, ஐப்பசியில் ஏன் நனைகிறது என்று உன் பூகோள ஆசிரியரைக் கேள். வானிலைத் தாளின் ஒரு அத்தியாயம் வீட்டு மாடியிலேயே முடிந்துவிடும்.

தமிழ் வழியில் படிக்கிறேன். ஆங்கிலம் தகராறு.
(மாணவன், நத்தம்)

தேர்வும் ஆங்கிலம், கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேச்சும் ஆங்கிலம். நாலாம் நிலைத் தேர்ச்சியாவது வேண்டும் என்பது உலக விதி. ஆனால் அங்கே ஷேக்ஸ்பியர் தேவைப்படாது. சொன்னதைத் திருப்பிச் சொல்லத் தெரியவேண்டும், புரியாவிட்டால் வெட்கப்படாமல் மறுபடி கேட்கத் தெரியவேண்டும். இரண்டு வருஷம் தாராளமாகப் போதும். தமிழ் வீண்போகாது. 2021-ல் இண்டிகோ விமானி பிரிய விக்னேஷ், சென்னை–மதுரை விமானத்தில் கீழே தெரியும் காவிரியையும் கொள்ளிடத்தையும் தமிழில் சொல்லிக்கொண்டே போனது ஊர் முழுக்கப் பரவியது நினைவிருக்கும்.

பிளஸ் டூவில் காமர்ஸ் எடுத்துவிட்டேன். அவ்வளவுதானா?
(மாணவி, வத்தலகுண்டு)

தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் இயற்பியல், கணிதம் இரண்டை மட்டும் தனியாக எழுதித் தேறலாம். விதியைத் தளர்த்தப்போவதாகப் பேச்சு அடிபட்டது. பேச்சை நம்பிப் புத்தகத்தை மூடாதே.

பெண் பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்கிறார் தாத்தா.
(மாணவி, ஆத்தூர்)

தாத்தாவுக்கு வரலாறு பிடிக்குமென்றால் உஷா சுந்தரத்தைப் பற்றிச் சொல். 1951-ல் சென்னை அரசுக்காக வாங்கிய டவ் விமானத்தை, கணவர் சுந்தரத்தோடு இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு ஓட்டிக்கொண்டு வந்தவர். கணக்குப் பிடிக்குமென்றால், இந்திய விமானிகளில் நூற்றுக்குச் சுமார் 15 பேர் பெண்கள். உலக அளவில் ஐந்தைச் சுற்றித்தான். இரண்டும் பிடிக்காதென்றால் பாட்டியிடம் சொல்.

எஸ்.சி. மாணவருக்கு உதவி கிடைக்குமா?
(மாணவன், சாணார்பட்டி)

மத்திய அரசின் போஸ்ட்மெட்ரிக் உதவித்தொகையில் முதல் பிரிவுப் படிப்புகளில் சி.பி.எல். பெயர் இருக்கிறது. பெற்றோர் வருமான உச்சவரம்பு 2.5 லட்சம். பட்டியலில் இருப்பதும் கைக்கு வருவதும் வேறு வேறு. சேர்வதற்கு முன்பே மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் எந்தப் பள்ளிக்கு, எவ்வளவு, எப்போது என்று எழுதிக் கேட்டுப் பதிலை எழுத்திலேயே வாங்கு.

உரிமம் வாங்கினால் வேலை நிச்சயமா?
(ஓர் அப்பா, ரவுண்ட் ரோடு)

2023-ல் ஏர் இந்தியா 470, இண்டிகோ 500 என்று விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தன. அதைக் காட்டித்தான் பயிற்சிப் பள்ளிகள் ஆள் பிடிக்கின்றன. ஆனால் நிறுவனங்களுக்கு அவசரம் அனுபவமுள்ள கேப்டன்களுக்கு. 200 மணி நேரத்தோடு வாசலில் நிற்கும் பிள்ளைகளின் வரிசை நீளம். வேலைக்குக் காத்திருக்கும் ஓரிரு வருஷத்துக்கும் வட்டி ஓடும் என்பதைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பைலட் ஆக முடியாமல் போனால்?
(மாணவன், செம்பட்டி)

விமானப் படைத் தேர்வில் எட்டு இடத்துக்கு ஒன்பதாவதாக வந்து திரும்பியவர் அப்துல் கலாம். 2006-ல் புனேயில் சுகோய் விமானத்தில் ஏறிப் பறந்தார், குடியரசுத் தலைவராக. அவ்வளவு சுற்றுவழி வேண்டாமென்றால், இயற்பியல், கணிதத்தோடு பி.எஸ்சி. முடித்து விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் தேர்வு எழுது. கேப்டன்களே உன் பேச்சைக் கேட்பார்கள்.

இரண்டு பைலட்டும் ஒரே சாப்பாடு சாப்பிடக்கூடாதாமே! பிரியாணியாக இருந்தாலுமா?
(ஹோட்டல்காரர், மெயின் ரோடு)

பல நிறுவனங்களில் அதுதான் வழக்கம். சாப்பாடு வயிற்றைக் கெடுத்தால் ஒருவராவது தெம்பாக இருக்கவேண்டும் அல்லவா? உங்கள் கடைச் சரக்கு என்றால் ஒருவருக்குப் பிரியாணி, இன்னொருவருக்குத் தயிர்சாதம். தயிர்சாதம் யாருக்கு என்று சண்டை வந்தால் கேப்டன் சொல்வதே சட்டம்.

பேரன் பைலட் ஆனால் எனக்கு ஓசி டிக்கெட் உண்டா?
(ஒரு பாட்டி, எரியோடு)

ஊழியர் சலுகையில் பெரும்பாலும் மனைவி, பிள்ளை, பெற்றோர் பெயர்தான் இருக்கும் பாட்டி. அவர்களுக்கும் சீட் காலியாக இருந்தால்தான். தீபாவளிக்கு முதல் நாள் கிளம்பாதீர்கள்.