நல்ல கடை

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே, முன்பு உரக்கடை இருந்த கட்டடத்தில், மூன்று வருடமாக ஓர் ஐஸ்கிரீம் கடை நடக்கிறது. போன வருடம் அதை ஒட்டியே பீட்சாக் கடையும் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் பேத்தியைக் கூட்டிக்கொண்டு இரண்டில் ஒன்றுக்குப் போய்விடுவேன். அவளுக்கு ஒரு கப், எனக்கு ஒரு கப். மாதம் பிறந்து மகன் சம்பளம் வாங்கியிருந்தால் பீட்சா. இத்தனை தரம் போய் உட்கார்ந்த இடத்தைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதாமல் இருப்பது மரியாதை இல்லை. நான் முப்பது வருடம் பால் சொசைட்டியில் டெஸ்டராக இருந்தவன். குழாயில் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதைத்தான் நோட்டில் எழுதுவேன். இதையும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் தரை. உரக்கடை இருந்த காலத்தில் அந்தப் படியேறினால் பூச்சிமருந்து வாடை செருப்போடு ஒட்டிக்கொண்டு வீடு வரை வரும். இன்றைக்கு அதே இடத்தில் முகம் பார்க்கிற மாதிரி டைல்ஸ். ஒரு சொட்டுச் சிந்தினால் பத்து எண்ணுவதற்குள் துணியோடு ஆள் வந்துவிடும். கழிப்பறையில் தண்ணீர் உண்டு, வாளி உண்டு, உள்தாழ்ப்பாள் ஒழுங்காக விழும். சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் தாலுகா ஆபீசுக்கும் வந்து அலைகிற பெண்களுக்கு இந்த ஊரில் நம்பிப் போகிற மாதிரி இருக்கும் இடம் அது ஒன்றுதான். ஒரு கோன் வாங்கிவிட்டால் ஏசியில் ஒரு மணி நேரம் உட்காரலாம், எழுந்திரு என்று யாரும் முகம் சுளிப்பதில்லை. இதைச் செய்து வைத்த முதலாளி நன்றாக இருக்கட்டும்.

அடுத்தது அங்கே நிற்கிற பையன்கள். தலைக்குத் தொப்பி, கைக்கு உறை, “வாங்க சார், பாப்பாவுக்கு என்ன சார்?” என்று சிரித்த முகம். காலை பத்து மணிக்கு நிற்க ஆரம்பித்தால் ராத்திரி பதினொன்று ஆகிறது. 2021இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். கல்லாவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். ஃப்ரீசர் இருக்கிறது, பில் மெஷின் இருக்கிறது, ஸ்டூல் இல்லை. பதின்மூன்று மணி நேரம் நின்று, கடைசி வாடிக்கையாளருக்கும் அதே சிரிப்பைத் தருகிற அந்தக் கால்களைப் பாராட்டாமல் நான் வேறு எதைப் பாராட்டுவது?

சரக்குக்கு வருகிறேன். ஐஸ்கிரீமில் காற்று அடிப்பது பெரிய வித்தை. காற்று இல்லாவிட்டால் அது பனிப்பாறை, கரண்டி இறங்காது. அளவாகக் காற்று ஏறினால்தான் நாக்கில் வெண்ணெய் மாதிரி படியும். எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு இந்தியச் சட்டத்தில் வரம்பு உண்டு: ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் 525 கிராமுக்குக் குறையக் கூடாது. ஒரு லிட்டர் பால் 1030 கிராம் நிற்கும். அப்படியென்றால் வரம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிற டப்பாவில் ஏறக்குறைய பாதி காற்று. பிறந்தநாளுக்கு அங்கே வாங்கி வந்த ஒரு லிட்டர் டப்பாவை, பழைய பழக்கம் விடாமல், தராசில் வைத்துப் பார்த்தேன். டப்பா எடை போக 540 கிராம். சட்டம் கேட்டதற்கு மேல் பதினைந்து கிராம் கொடுத்திருந்தார்கள். கூடக் கொடுத்ததை நான் மறைக்கக் கூடாது.

சொசைட்டியில் நாங்கள் அப்படிக் கொடுத்ததில்லை. காலை ஐந்தரைக்குக் கறந்த கையோடு கொண்டுவரும் பாலில் விரற்கடை உயரத்துக்கு நுரை நிற்கும். நுரையோடு அளந்தால் சொசைட்டிக்கு நஷ்டம். அதனால் “நுரை அடங்கட்டும்” என்று சொல்லிக் கேனை ஓரமாக வைக்கச் செய்வோம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பணும், களையெடுக்கப் போகணும் என்று அந்தப் பெண்கள் நிற்பார்கள். நுரை தானாக அடங்கும் வரை நிற்பார்கள். காற்றுக்குக் காசு கிடையாது என்று அவர்களிடம் சொன்னவன் நான்தான்.

கொழுப்பு விஷயத்தில் இன்னும் கறார். ஜெர்பர் குழாயில் பத்து மில்லி கந்தக அமிலம், அதன்மேல் 10.75 மில்லி பாலைச் சுவரோரமாக நழுவ விட வேண்டும், பிறகு ஒரு மில்லி அமைல் ஆல்கஹால். ரப்பர் மூடியை அழுத்திக் குலுக்கினால் குழாய் துணியைத் தாண்டிக் கையைச் சுடும். மெஷினில் ஐந்து நிமிடம் சுற்றி எடுத்தால், குழாயின் கழுத்தில் தெளிந்த மஞ்சளாக ஒரு சிறு கம்பம் நிற்கும். அந்தக் கம்பத்தின் உயரம்தான் அந்த வீட்டின் வருமானம். 4.1 என்று எழுதினால் “4.2 இருக்குமே, நல்லாப் பாருங்க” என்று சண்டைக்கு வருவார்கள். அந்தப் பத்தில் ஒரு பாயிண்டுக்கு வரும் காசு சில்லறைதான். ஆனால் அந்தச் சில்லறைக்காகப் பருத்திக்கொட்டை வாங்கிப் போட்டு, புண்ணாக்கு ஊற வைத்து, மாட்டைக் குளிப்பாட்டி வளர்த்தவர்கள் அவர்கள். 

சட்டப்படி, ஐஸ்கிரீம் என்று வெறும் பெயரில் விற்பதில் நூற்றுக்குப் பத்துப் பங்காவது பால் கொழுப்பு இருக்க வேண்டும். எங்கள் கடையின் டப்பாவை மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்தேன். அதில் ஐஸ்கிரீம் என்ற சொல்லே இல்லை. ‘ஃப்ரோசன் டெசர்ட்’ என்று போட்டிருக்கிறது. தாவர எண்ணெய் சேர்ந்தது என்றும், அது பாமாயில் என்றும் அச்சடித்திருக்கிறது. கெட்டியாக்க 412, 466, கலவை பிரியாமலிருக்க 471 என்று எண்களும் வரிசையாக இருக்கின்றன. 412 என்பது கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் பசை, பயப்பட ஒன்றுமில்லை. பால் பவுடரும் இருக்கிறது. ஒன்றையும் ஒளிக்கவில்லை. இவ்வளவு ஒளிவுமறைவில்லாத டப்பாவை நான் பார்த்ததில்லை. பெயர்ப்பலகையில் ஐஸ்கிரீம் என்பது ஓர் ஆள் உயரம். டப்பாவில் இந்தச் சொற்கள் எறும்பு உயரம். இரண்டும் ஒரே கடைக்குள் சண்டையில்லாமல் இருக்கின்றன.

இதை வனஸ்பதி என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சாயல் காட்டிய ஒரு விளம்பரத்தை 2017இல் மும்பை உயர்நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. பாமாயிலை நான் பழிக்கவும் மாட்டேன். ரேஷனில் 25 ரூபாய்க்கு வாங்கும் பாமாயிலில்தான் எங்கள் வீட்டு வடை வேகிறது. ஆனால் அங்கே பாமாயில் என்று கேட்டு வாங்குகிறோம், பாமாயில் என்று எழுதித்தான் கொடுக்கிறார்கள். வரிசையில் நிற்கிற யாரும் அதை நெய் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குத் தூக்கிப் போவதில்லை. என் பேத்தி ஐஸ்கிரீம் என்று கேட்கிறாள். கடைக்காரப் பையனும் ஐஸ்கிரீம் என்றுதான் நீட்டுகிறான். அவனுக்கும் தெரியாது. ஒருநாள் கேட்டேன்: “தம்பி, இது பாலா?” டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு, “சார், மூணு வருசமா ஐஸ்கிரீம்னுதான் சொல்லி வித்துக்கிட்டு இருக்கேன்” என்றான். அந்த முகத்தை எனக்கு மறக்க முடியவில்லை.

அவ்வை அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனபோது, அவன் ஆயுதக் கொட்டிலைப் பார்த்தாள். வேல்கள் எல்லாம் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலோடு அழகாக இருக்கின்றன என்று சொன்னாள். அதியமானின் வேல்கள் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றும் சொன்னாள். புறநானூற்றில் இருக்கிறது. அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

மதுரையில் விளக்குத்தூண் பக்கம் போனால் இன்னொரு வகைக் கடை. உட்கார இடமில்லை. தரை பிசுபிசுக்கும். பாலைக் காய்ச்சிய பாத்திரம் அடியில் கரி பிடித்து, விளிம்பு நசுங்கி, கைப்பிடி ஆட்டம் கண்டு நிற்கும். காலையில் வைத்த பால் சுண்டிச் சுண்டி மதியத்துக்குள் வெல்லப் பாகு நிறத்துக்கு வந்திருக்கும். அதில் ஊற வைத்த பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே அந்தச் சுண்டிய பாலிலேயே செய்த ஐஸ்கிரீம் ஒரு கரண்டி. ஜிகர்தண்டா டம்ளரைக் கையில் வாங்கிய மறுநிமிடம் அது இளகத் தொடங்கிவிடும், அவசரமாகக் குடிக்க வேண்டும். என் சட்டையில் சிந்தியிருக்கிறது. துணியோடு யாரும் ஓடி வரவில்லை. 

எங்கள் ஊர்க் கடையில் அந்த அவசரம் கிடையாது. சித்திரை மாதம், வெளியில் வெயில் கொளுத்துகிறது. பேத்தியின் கப்பை ஸ்கூட்டரின் முன்பெட்டியில் வைத்து வீடு வரை கொண்டுவந்தேன். கரண்டி போட்ட பள்ளம் பள்ளமாகவே இருந்தது. ஓரம் மட்டும் லேசாக நுரைத்திருந்தது. பாலோடு முப்பது வருடம் இருந்தவன் நான். பால் திரியும், பொங்கும், ஆடை கட்டும், ஒருநாளும் சொன்ன பேச்சைக் கேட்காது. இவ்வளவு அடக்கமான ஒன்றை உண்டாக்கியவர்களின் படிப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு என்ன இருக்கிறது?

பீட்சாக் கடைக்கும் இதே பெருமை உண்டு. அடுப்பில் ஒரு சங்கிலிப் பட்டை ஓடுகிறது. இந்தப் பக்கம் வைத்தால் அந்தப் பக்கம் வெந்து வரும், ஒன்று கருகி ஒன்று வேகாமல் போவதில்லை. பீட்சாவின் சொந்த ஊர் இத்தாலியின் நேப்பிள்ஸ். அங்கே விறகடுப்பில் 485 டிகிரி வரை சூடேற்றி, ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் எடுத்துவிடுகிறார்கள். அந்தக் கைவேலையை யுனெஸ்கோ 2017இல் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. எனக்கு அதைவிட மனதில் நின்ற சேதி வேறு. நேப்பிள்ஸைச் சுற்றியுள்ள கம்பானியாவில், பேர்பெற்ற மொசரெல்லாவை எருமைப்பாலில் செய்கிறார்கள். நாம் வாய்க்கு வந்தபடி வசவுக்குப் பயன்படுத்துகிற எருமையை அந்த ஊர்க்காரர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடுகிறார்கள்.

எங்கள் கடையில் பீட்சாவைப் பிய்த்தால் முழ நீளம் இழை வருகிறது. பேத்தி நாற்காலிமேல் ஏறி நின்று இழுத்துக் காட்டுவாள். ஒருநாள் சரக்கு இறங்கும்போது அட்டைப்பெட்டியைப் பார்த்தேன். சீஸ் என்ற சொல் அதில் இல்லை, ‘பீட்சா டாப்பிங்’ என்று இருந்தது. பொருட்களின் பட்டியலில் பாலும் இருந்தது, தாவர எண்ணெயும் இருந்தது. இதே மாதிரி ஒரு டாப்பிங், தாவர எண்ணெய் கலந்திருப்பதால் சீஸ் கணக்கில் வராது என்று 2023இல் ஹரியானாவில் ஜிஎஸ்டி மேல்முறையீட்டு அமைப்பு முடிவு சொன்னது. வரிக்காரர்களுக்கு வித்தியாசம் தெரிகிறது. மெனு அட்டையில் மட்டும் சீஸ், டபுள் சீஸ், எக்ஸ்ட்ரா சீஸ். எக்ஸ்ட்ராவுக்குத் தனிக் காசு.

ஒரு கிலோ மொசரெல்லாவுக்குச் சுமார் பத்து லிட்டர் பசும்பால் வேண்டும். எருமைப்பால் என்றால் அதைவிடக் குறைவாகவே போதும், கொழுப்பு கூடுதல் அல்லவா. 2022 நவம்பரில் ஆவின் கொள்முதல் விலையை உயர்த்தியபோது பசும்பாலுக்கு லிட்டர் 35, எருமைப்பாலுக்கு 44 என்று வைத்தார்கள். பிறகு ஊக்கத்தொகை மூன்று ரூபாய் வந்தது. அந்த மூன்று ரூபாய்க்காகக் காலிக் கேனோடு ரோட்டில் நின்றவர்களை நான் அறிவேன். எங்கள் சொசைட்டியில் நான் சேர்ந்தபோது எருமைப்பால் ஊற்றிய வீடுகள் நாற்பதுக்கு மேல். ஓய்வு பெற்ற அன்று மூன்று.

அந்த நாற்பதில் ஒருவர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு அக்கா. இரண்டு எருமை வைத்திருந்தார். அவர் பாலில் கொழுப்பு ஆறரைக்குக் குறைந்ததேயில்லை. குழாயைப் பார்க்காமலே எழுதலாம், ஆனாலும் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார். போன ஞாயிற்றுக்கிழமை பேரனோடு கடைக்கு வந்திருந்தார். எருமைகளை விற்று ஆறு வருடம் ஆகிறது. ஏசிக் காற்றுக்கு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பேரன் ஊட்டிய ஒரு கரண்டியை வாயில் வைத்து, நாக்கை மேலண்ணத்தில் இரண்டு தரம் அழுத்திப் பார்த்தார். பால் பார்க்கிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

“டெஸ்டர் தம்பி, இது எத்தனை பாயிண்டு வரும்?”

டப்பாவில் கொழுப்பு பத்து என்று போட்டிருந்தது. ஜெர்பர் குழாயில் போட்டாலும் கம்பம் அந்த உயரத்துக்குத்தான் நிற்கும். குழாய் கொழுப்பைக் காட்டும், அது பாலிலிருந்து வந்ததா எண்ணெய்ப் பனையின் பழத்திலிருந்து வந்ததா என்று காட்டாது.

“பத்து வரும்க்கா” என்றேன்.

“பத்தா!” கப்பைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “நம்ம எருமையே ஏழைத் தாண்டுனதில்ல. எந்த ஊரு எருமை தம்பி இது?”