திருநெல்வேலி அல்வாவின் தோற்றமும் ருசியும்: ஒரு பூர்வாங்க ஆய்வு

திருநெல்வேலி அல்வாவின் ருசிக்குத் தாமிரபரணித் தண்ணீரே காரணம் என்பது இவ்வட்டாரத்தில் தீர்ப்பாகி முடிந்த வழக்கு. மேல்முறையீடு கிடையாது. ஆயினும் ஆய்வுலகம் என்று ஒன்று இருப்பதால் முதலிலிருந்து தொடங்குகிறோம்.

எந்தப் பண்டமானாலும் ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழியில் கைவிட்டுத்தான் தொடங்க வேண்டும். 1876இல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் தோண்டினார். பிறகு அலெக்சாண்டர் ரீ தோண்டினார். எலும்பு, இரும்பு, வெண்கலம், பொன் பட்டம் எல்லாம் வந்தன, அல்வா வரவில்லை. பக்கத்துச் சிவகளையில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் அறிவித்தார்கள். அதுவும் நெல்தான், கோதுமை இல்லை. அரைகுறை ஆசாமிகள் இந்த இடத்தில் சோர்ந்துவிடுவார்கள். தேர்ந்த ஆய்வாளர் சோர மாட்டார். அல்வா கிடைக்காததே அல்வா இருந்ததற்குச் சான்று. மிச்சம் வைத்துப் புதைத்திருந்தால் அது நல்ல அல்வாவே அல்ல (திண்ணை வாய்மொழி, இரவுச் சாப்பாட்டுக்குப் பின்).

அடுத்து ருசி. நெய்யே காரணம் என்னும் நெய்க் கொள்கை: வழுக்கிவிட்டது.

இருட்டுக் கொள்கை சற்று வலுவானது. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, கீழ ரத வீதியில், பெயர்ப்பலகையே இல்லாமல் பேர் வாங்கிய இருட்டுக்கடை இருக்கிறது. சாயங்காலம் திறந்து, சரக்கு தீர்ந்ததும் மூடிவிடுவார்கள். கண்ணுக்கு வேலை குறைந்தால் நாக்கு கூடுதலாக உழைக்கும் என்பது இக்கொள்கையினர் வாதம். அப்படியானால் இருட்டில் தின்ற உப்புமாவும் ருசித்திருக்க வேண்டும். 2012 மின்வெட்டில் தமிழ்நாடு முழுக்க இந்தச் சோதனை நடந்தது. ருசிக்கவில்லை.

இனி தண்ணீர். “அண்ணாச்சி, வேற எந்த ஊர்ல கிண்டினாலும் இந்த ருசி வராது. எல்லாம் நம்ம தண்ணி வே!” (சந்திப்பு ரயில் நிலையம், டீ ஸ்டாலுக்கு இடப்புற பெஞ்சு, பெஞ்சின் மறுமுனையில் இருந்தவர் ஆமோதித்தார், மூன்றாமவர் நெல்லை எக்ஸ்பிரஸைப் பிடிக்க ஓடிவிட்டதால் அவர் கருத்து பதிவாகவில்லை.) இவரை அவர் மேற்கோள் காட்டி, அவரை இவர் திருப்பி மேற்கோள் காட்டினால் கொள்கை நிலைபெறும். இரண்டு பேருக்கும் பதவி உயர்வும் கிடைக்கும். வேறு துறைகளில் அப்படித்தான் நடக்கிறது.

சேர்மானங்களை ஒவ்வொன்றாக விசாரிப்போம். தாமிரபரணிப் பாசனத்தில் நெல் விளையும், வாழை விளையும். சம்பா கோதுமை வெளியூரிலிருந்து மூட்டையில் வந்து இறங்குகிறது. சீனியும் மூட்டைதான். கிண்டிய கை? ராஜபுதனத்திலிருந்து வந்த சிங் குடும்பங்களுடையது. வடக்கே யாத்திரை போன சொக்கம்பட்டி ஜமீன்தார் அங்கே அல்வாவைத் தின்று சொக்கிப்போய், செய்தவர்களையே கூட்டி வந்துவிட்டார் என்பது ஊர் வழக்கு. இன்றைக்கும் இங்கே மிட்டாய்க் கடைக்கு லாலா கடை என்றுதான் பெயர். ஆக, அண்டாவுக்குள் பட்டா உள்ள ஒரே உள்ளூர்க்காரர் தண்ணீர்தான். மொத்தப் புகழையும் அதன் தலையில் கட்டியதில் ஆச்சரியம் என்ன?

ஆனால் பட்டறைக்குள் போய் நின்று பார்த்தால் கொள்கைக்கு வேறொரு சங்கடம். கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பால் பிழிந்து, ராத்திரி முழுக்கத் தெளியவிடுகிறார்கள். காலையில் மேலே நிற்கும் தெளிந்த தண்ணீரை, நம்முடைய பிரதான சாட்சியை, சாக்கடையில் கொட்டுகிறார்கள். அடியில் தங்கிய பாலைச் சீனிப்பாகில் சேர்த்து, நெய்யை விட்டு விட்டு மணிக்கணக்காகக் கிண்டுகிறார்கள். நெய் பிரிந்து வருவதற்குள் மிச்சத் தண்ணீரும் ஆவியாகிவிடுகிறது. பால் எவ்வளவு புளித்தது, பாகு எப்போது நிறம் மாறியது, துடுப்பு எந்த நேரத்தில் கனக்கத் தொடங்கியது என்பதெல்லாம் கிண்டுகிறவருக்குத் தெரியும். அவரை இதுவரை எந்தக் கருத்தரங்குக்கும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. தோளில் துண்டோடு வேர்த்து நிற்கும் மனிதரை அடிக்குறிப்பில் உட்காரவைப்பது சிரமம். ஆறு என்றால் சௌகரியம், எதிர்த்துப் பேசாது.

எனவே ருசி கைப்பக்குவத்தில் இருக்கிறது, அந்தக் கை வந்தேறிக் கை என்பது இவ்வாய்வின் முடிவு. இதை ஊருக்குள் உரக்கப் படிக்க வேண்டாம். மறுக்க விரும்பும் அறிஞர்கள் சாயங்காலமே கீழ ரத வீதிக்கு வந்து வரிசையில் நிற்கவும். முனைவர் பட்டத்தைக் காட்டினால் முன்னால் விட மாட்டார்கள்.