வாசல் காக்கும் பெருமை

வங்கத்து ஹிஜ்லியில் வெள்ளையர் அரசு சுதந்திரப் போராளிகளை அடைத்து வைத்திருந்த முகாம் ஒன்று இருந்தது. 1931இல் அங்கே காவலர்கள் சுட்டதில் கைதிகள் இருவர் இறந்தார்கள். அதே இடத்தில்தான் 1951இல் முதல் ஐஐடி, கரக்பூரில் பிறந்தது. சிறையைக் கல்விச்சாலையாக்கிய நாடு நம்முடையது. அந்த இடத்தின் பழைய காவல் ஒழுங்கை இன்றுவரை கைவிடாமல் வளர்த்த பெருமையோ ஐஐடிகளுடையது.

அவற்றின் நன்றியுணர்வையும் சொல்ல வேண்டும். பம்பாய்க்குச் சோவியத் நாடும் சென்னைக்கு மேற்கு ஜெர்மனியும் டெல்லிக்குப் பிரிட்டனும் கைகொடுத்தன. கான்பூருக்கு 1963இல் அமெரிக்க உதவியில் ஐபிஎம் கணினி வந்து இறங்கியது. அந்தக் கடன் நிலுவையில் இல்லை. நம் மக்களின் வரிப்பணத்தில் படித்த பட்டதாரிகளை ஆண்டு தவறாமல் அனுப்பி, வட்டியும் முதலுமாக அமெரிக்காவுக்குத் தீர்த்தாயிற்று.

மொழி விஷயத்தில் காட்டும் அக்கறை இன்னும் உயர்ந்தது. ஐஐடி நுழைவுக்கான ஜேஇஇ மெயின் தேர்வைத் தமிழில் எழுதலாம். அதில் தேறியவர் எழுதும் அட்வான்ஸ்டு தேர்வுக்கு வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. தமிழில் இயற்பியல் படித்த கிராமத்துப் பிள்ளை, ஒரே தேர்வில் இயற்பியலோடு வேற்றுமொழித் திறனையும் நிரூபிக்கும் பேறு பெறுகிறது. பள்ளிகளுக்கும் பாரம் குறைந்திருக்கிறது. டம்மி ஸ்கூலில் பெயரைப் பதிந்துவிட்டு, பிள்ளைகள் கோட்டா நகரத்தின் பயிற்சி மையங்களில் குடியிருக்கிறார்கள்.

பொறுமையிலும் குறையில்லை. 2016இல் பி.டெக். சேர்ந்தவர்களில் பத்தில் ஒருவர்கூடப் பெண் இல்லை. பெண்களுக்கெனக் கூடுதல் இடங்கள் 2018இல் வந்தன. கரக்பூர் தொடங்கி 67 ஆண்டுகள் ஆற அமர யோசித்த முடிவு அது. ஆசிரியர் நியமனத்தில் இடஒதுக்கீட்டிலிருந்து ஐஐடிகளுக்கு விலக்கு வேண்டும் என்று 2020இல் ஐஐடி இயக்குநர் ஒருவர் தலைமையிலான குழு பரிந்துரைத்தது. பெண்களுக்கான இடங்கள் வந்த இரண்டே ஆண்டுகளில் இந்த யோசனை வந்துவிட்டது.

எல்லாவற்றுக்கும் மேலானது நேரந்தவறாமை. 2024இல் உத்தரப் பிரதேசத்து தினக்கூலித் தொழிலாளி ஒருவரின் மகனுக்கு, தலித் மாணவனுக்கு, தன்பாத் ஐஐடியில் இடம் கிடைத்தது. 17,500 ரூபாயை நான்கு நாளில் கட்ட வேண்டும். குடும்பம் பணத்தைத் திரட்டி முடிப்பதற்கும் மாலை 5 மணிக்கு இணையதளம் மூடிக்கொள்வதற்கும் சரியாக இருந்தது. இடம் போயிற்று. அவ்வாண்டுத் தேர்வை நடத்தியது சென்னை ஐஐடி என்பதால் அவன் சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்தான். பிறகு உச்ச நீதிமன்றம் போனான். அவனைச் சேர்த்துக்கொள்ளும்படி அரசமைப்பின் 142ஆம் பிரிவின்கீழ் செப்டம்பர் 30 அன்று ஆணை வந்தது. கட்டணத்தை வாங்கிக்கொண்டு ஏழை வீட்டுப் பிள்ளை ஒருவனை உள்ளே விடுவதற்கு, நாட்டின் தலைமை நீதிபதியே அமர்ந்து விசாரிக்க வேண்டியிருந்தது.