இருங்கண்ணா, ஐஸ் ஆகட்டும்

விருந்துக்கு ஏழு மணிக்கு வரச்சொல்லிவிட்டு, எட்டேகாலுக்கு ரம்பத்தைத் தேடுகிறவர் இவர். ரம்பம் எதற்கு என்று புதிதாக வந்தவர்கள்தான் கேட்பார்கள். ஐஸ் அறுக்க.

தர்மபுரி மாவட்டத்துக் கம்பைநல்லூரில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்றால் மொரப்பூரில் ஒருவர், அரூரில் நாலைந்து பேர் நிச்சயம் இருப்பார்கள். 2020ல் பெங்களூர் கம்பெனிகள் "வீட்டிலிருந்தே வேலை பாருங்கள்" என்று அனுப்பியபோது, எல்லோரும் லேப்டாப்போடு ஊர் திரும்பினார்கள். இவர்கள் மட்டும் கூடவே ஒரு காக்டெயில் ஷேக்கரையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அப்பா நெல் விதை வைத்திருந்த அலமாரியில் இப்போது ஜின், வெர்மூத், கம்பாரி. ஏர்போர்ட்டில் வரியில்லாமல் ஆளுக்கு இரண்டு லிட்டர் கொண்டுவரலாம் என்பதால், வெளிநாட்டிலிருக்கும் நண்பர்களை இவர் பாசத்தால் நினைப்பதில்லை, லிட்டரால் நினைக்கிறார்.

டம்ளர் விஷயத்திலும் ஒரு கிறுக்கு உண்டு. ஆரஞ்சுத் தோலைத் தீக்குச்சியில் வாட்டும் வைபவமும் உண்டு. அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அந்த ஐஸ்.

"கடை ஐஸ் நடுவுல வெள்ளையா இருக்கே, ஏன் தெரியுமாண்ணா?"

தெரியாது என்றால் சொல்வார். தெரியும் என்றாலும் சொல்வார். சென்ற முறை நீங்கள்தான் சொன்னீர்கள் என்றால், சென்ற முறை விட்டுப்போனதையும் சேர்த்துச் சொல்வார்.

விஷயம் இதுதான். தட்டில் ஊற்றிய தண்ணீரை எல்லாப் பக்கமிருந்தும் குளிர் தாக்குகிறது. ஓரம் முதலில் உறைகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றும் உப்பும் ஓட இடமில்லாமல் நடுவில் மாட்டிக்கொள்கின்றன. அதுதான் வெள்ளை. அதனால் இவர் மூடியில்லாத தெர்மாகோல் பெட்டியில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீஸரில் வைக்கிறார். குளிர் மேலேயிருந்து மட்டும் இறங்கும். ஏரி உறைவது மாதிரி மேல்பக்கம் கண்ணாடியாக உறைந்து, காற்றும் கசடும் கீழே துரத்தப்படும். அடி உறைவதற்குள் வெளியே எடுத்துவிட வேண்டும். இதற்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும். பிறகு அறுவை, அதன் பிறகு கத்தியால் செதுக்கி உருண்டையாக்குவது. உருண்டைக்குப் பரப்பளவு குறைவு, ஆகவே மெதுவாகக் கரையும், ஆகவே சரக்கு நீர்த்துப்போகாது.

அறிவியல் ரொம்பச் சரி, அதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. அந்த அறிவியல் முடிகிறவரை என் டம்ளர் காலியாக இருக்கிறது, அதுதான் ஆட்சேபணை.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் அவரைக் கிண்டல் செய்ய நாக்கு எழவில்லை. தர்மபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஃபுளோரைடு பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எத்தனையோ பேர் பல்லிலேயே எழுதியிருக்கிறது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிற சரக்கு, இங்கே பல போர்வெல்களில் அதைத் தாண்டித்தான் வருகிறது. பல்லில் பழுப்பேறி, முட்டி மடக்க முடியாமல் போன தலைமுறைகள் இருக்கின்றன. அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு, 2013ல் காவிரித் தண்ணீர் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

இவர் அந்தத் தண்ணீரைப் பிடித்து, ஆர்.ஓ.வில் ஒருமுறை விட்டு, அடுப்பில் இரண்டுமுறை கொதிக்கவைத்து, டோக்கியோ பார்களில் செய்கிறார்களே, அதே முறையில் உருண்டை செதுக்குகிறார். ஜப்பான்காரன் கடன் கொடுத்ததற்கு வட்டி போல அவனுடைய கலையையும் வளர்த்துவிடுகிறார். டோக்கியோவில் இதற்கென்றே பழகிய ஆட்கள் ஒரு உருண்டையைச் சில நிமிடத்தில் செதுக்கி முடிக்கிறார்களாம். நம்மவருக்கு அது ஒரு சீரியல் நேரம், விளம்பரத்தோடு.

இந்த ஊருக்கு இந்தக் காக்டெயில் மோகம் ஏன் வந்தது என்று சரித்திரம் தெரிந்தவர்கள் நெற்றியில் அடித்துக்கொள்வார்கள். 1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜி சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். கம்பைநல்லூர் அன்று சேலம் மாவட்டம். சாராய வருமானம் போன ஓட்டையை அடைக்க 1939ல் விற்பனை வரி வந்தது. பிறகு சேலத்திலிருந்து தர்மபுரியைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள், 1965ல், அதுவும் அக்டோபர் 2ஆம் தேதி. மதுவிலக்கின் மடியில் வளர்ந்து காந்தி ஜெயந்தியன்று பிறந்த மாவட்டம் இது. 1971ல் கருணாநிதி ஆட்சியில் மதுவிலக்கைத் தளர்த்தினார்கள், 1983ல் டாஸ்மாக் வந்தது, 2003ல் சில்லறைக் கடையும் அரசாங்கத்திடமே போனது. இத்தனை சட்டமும் செய்ய முடியாததை இவர் ஒரு தெர்மாகோல் பெட்டியால் செய்துகாட்டுகிறார். இவர் வீட்டுக்குப் போனால் யாரும் குடித்துவிட முடியாது.

நிஜமாகத்தான் சொல்கிறேன். டாஸ்மாக் பாரில் ஒரு மனிதன் குவார்ட்டரை உடைத்து, பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றி, வாட்டர் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து, ஒரே மூச்சில் கவிழ்த்து, ஊறுகாயை நக்கி, கண்ணைச் சுருக்கி, பேருந்தைப் பிடிக்கும் வேலை மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். அது நாகரிகம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவன் குடித்திருக்கிறான். நான் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து, வெர்மூத்தை ஏன் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு, வறுத்த வேர்க்கடலையால் வயிறு உப்பி இருக்கிறேன்.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு அறிவிப்பை இவரைப் போலக் கவனமாகப் படிக்கிறவர் மாவட்டத்தில் இல்லை. மற்றவர்கள் தண்ணி மோட்டாருக்காகப் படிப்பார்கள், மாவு ஆட்டுவதற்காகப் படிப்பார்கள். இவர் ஐஸுக்குப் படிக்கிறார். காலை ஒன்பதிலிருந்து மாலை வரை கரண்ட் இல்லை என்றால் அன்றைக்கும் விருந்து கிடையாது, மறுநாளும் கிடையாது. அறிவிக்காமல் போகிற கரண்ட்தான் இவருடைய ஜென்ம விரோதி. ஒருமுறை ராத்திரி இடி மழையில் டிரான்ஸ்பார்மர் போனபோது, ஊரே இருட்டில் விசிறியைத் தேட, இவர் ஃப்ரீஸர் கதவை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். "யாரும் தொறக்காதீங்க" என்றார். யாரும் திறப்பதாக இல்லை.

ஒருநாள் பொறுக்காமல் சொன்னேன். "தம்பி, 1833ல பாஸ்டன்லேருந்து டஸ்கனின்னு ஒரு கப்பல் கல்கத்தாவுக்கு ஐஸ் ஏத்திக்கிட்டு வந்துச்சு. குளத்துல வெட்டின ஐஸ். அப்புறம் மெட்ராஸுக்கும் அந்த ஐஸ் வந்துச்சு. அத இறக்கி வைக்கத்தான் 1842ல கடற்கரையில ஐஸ் ஹவுஸ் கட்டினாங்க. விவேகானந்தர் தங்கின வீடு. அந்தக் கப்பல் கல்கத்தா வந்துசேர நாலு மாசம். உன் ஃப்ரிட்ஜிலேருந்து இந்த டேபிளுக்கு..."

"குளத்து ஐஸ்!" என்றார், கண் விரிந்து. "மேலேருந்து கீழ உறைஞ்சது! கண்ணாடி மாதிரி இருந்திருக்கும்ணா!"

நான் குத்தினது அவருக்குப் பூமாலையாக விழுந்தது. அன்றைக்கு இன்னும் அரைமணி நேரம் தாமதம்.

கடைசியில் வருகிறது டம்ளர். முப்பது மில்லி ஜின், முப்பது வெர்மூத், முப்பது கம்பாரி. பெயர் நெக்ரோனி. நிறம் தீபாவளிச் சட்டை, ருசி நிலவேம்புக் கஷாயம். நடுவில் அந்த உருண்டை. இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குச் சுத்தம். ஒப்புக்கொள்கிறேன், அழகுதான். டம்ளரைத் தூக்கி விளக்குக்கு எதிரே பிடித்தால் அந்தப் பக்கம் மாட்டியிருக்கும் அவருடைய தாத்தா படம் தலைகீழாகத் தெரிகிறது.

சென்ற மாம்பழ சீசனில் அவருடைய மாமனார் வந்திருந்தார். மாந்தோப்புக்காரர். பெங்களூரா மாங்காயைக் கூழ் பேக்டரிக்கு ஏற்றி அனுப்பிவிட்டு, விலை கட்டுப்படியாகாத எரிச்சலில் அப்படியே வந்தவர். மருமகன் கொடுத்த டம்ளரை வாங்கினார். மோந்து பார்த்தார். மருமகன் தீயில் வாட்டிய ஆரஞ்சுத் தோலை ஏதோ குப்பை என்று விரலால் எடுத்து ஜன்னலுக்கு வெளியே போட்டார். கசாயத்தைக் குடிப்பது போல ஒரே மடக்கு. பிறகு அந்த உருண்டையை அப்படியே வாயில் கவிழ்த்து, கடைவாய்க்குத் தள்ளி, கடக் முடக் என்று கடித்துத் தின்றுவிட்டார்.

"ஐஸ் நல்லா இருக்குது மாப்ள. இன்னொண்ணு குடுங்க."

அன்றைக்கு மருமகனின் முகத்தைப் பார்த்தேன். இருபத்துநாலு மணி நேர உறைவு, முக்கால் மணி நேரச் செதுக்கல், பதினைந்து விநாடியில் மாமனாரின் கடைவாய்ப் பல்லில் தூளானது. ஆனால் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே போய் இன்னொன்று கொண்டுவந்து கொடுத்தார். அதுவும் கடிபட்டது. பாராட்டு எந்த வாயிலிருந்து வந்தாலும் சரி என்று நினைத்திருக்க வேண்டும்.

இப்படிச் சில சமயம் இவர்மேல் ஒரு பிரியம் வந்துவிடுகிறது. இவர் போதையில் தள்ளாடி யாரும் பார்த்ததில்லை. ராத்திரி முழுக்க இவருக்கே ஒரு டம்ளர்தான் ஓடும், அதிலும் பாதி ஐஸைப் பற்றிப் பேசியே கரைந்துபோகும். குடித்தவன் வண்டிச் சாவியை வாங்கி அரிசிப் பானைக்குள் போட்டுவிடுவார், கெஞ்சினாலும் எடுக்க மாட்டார். குடிக்காதவர்களை ஒதுக்குவதும் கிடையாது. அவருடைய பாட்டிக்கு நன்னாரி சர்பத்தில் எலுமிச்சை பிழிந்து, அதே விலையுயர்ந்த டம்ளரில், அதே உருண்டையைப் போட்டுக் கொடுப்பார். பாட்டி ஒவ்வொரு தடவையும் "இதுல அது இல்லியே?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் குடித்துவிடுவாள். தெருப் பிள்ளைகளுக்கு அறுத்த துண்டு ஐஸ் இலவசம். ரம்பச் சத்தம் கேட்டதும் வாசலில் கூடிவிடுவார்கள்.

ஆனால் அந்த வீட்டு ஃப்ரீஸரைத் திறந்து பார்த்தவன் நான், தண்ணீர் கேட்டு யாரும் காதில் வாங்காத ஒரு ராத்திரியில். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். மேலே சின்ன ஃப்ரீஸர். அது முழுக்க அந்தத் தெர்மாகோல் பெட்டி. மீன் வைக்க இடமில்லை. பிள்ளைக்கு வாங்கிய குச்சி ஐஸுக்கு இடமில்லை. ஐஸ் பெட்டி ஆடக் கூடாது என்பதால் கீழ்த்தட்டில் இட்லி மாவுக் குண்டானும் வைக்கக் கூடாதாம். அது பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் குடியிருக்கிறது. காலையில் இவர் மனைவி போய்க் கதவைத் தட்டித் தன் வீட்டு மாவை வாங்கிவர வேண்டும்.

எங்களுக்கு வேர்க்கடலை வறுத்தது யார்? முட்டைப் பொடிமாஸ், கோழி வறுவல், ஒன்பதரைக்கு மேல் தோசை, இதெல்லாம் யார்? ஷேக்கரில் முட்டை வெள்ளைக்கரு போட்டு ஒரு பானம் கலக்குவார் இவர். விஸ்கி சவராம். அது காய்ந்துபோனால் எப்படிப் பிடித்துக்கொள்ளும் என்பது தேய்க்கிறவளுக்குத்தான் தெரியும். விளிம்பில் உப்புத் தடவிய டம்ளர் எட்டு. ஒவ்வொன்றும் கையால்தான் கழுவ வேண்டும், நாரால் தேய்த்தால் கீறல் விழுமாம். இத்தனை கலையிலும் இவர் ஒரு பாத்திரம் கழுவி நான் பார்த்ததில்லை. வேலைக்குப் போய்விட்டு வந்த பெண் அவள், கைப்பிள்ளைக்காரி. "உனக்கு ஒண்ணு கலக்கட்டுமாம்மா, நன்னாரிதான்" என்று இவர் கேட்டதையும் நான் கேட்டதில்லை. பாட்டிக்கு உண்டு, தெருப் பிள்ளைகளுக்கு உண்டு. இதை வேடிக்கையாகச் சொல்ல எனக்கு வரவில்லை. நாமும் அந்தப் பொடிமாஸைத் தின்றவர்கள்தானே என்று யாராவது கேட்டால், ஆமாம், தின்றேன்.

போன வாரம் போனில் கூப்பிட்டார். குரலில் பொங்கல்.

"அண்ணா, தனியா ஒரு டீப் ஃப்ரீஸர் வாங்கிட்டேன். இஎம்ஐ-ல. இனிமே வெயிட்டிங்கே கிடையாது. ஒரே நேரத்துல பன்னெண்டு உருண்டை!"

"எங்க வச்சிருக்க?"

"அவ தையல் மிஷின் இருந்த எடத்துல. மிஷின மாடிக்கு ஏத்திட்டோம். சனிக்கிழமை வந்துருங்க, ஏழு மணிக்கு."

"தையல் மிஷினைக் கீழே இறக்கு தம்பி, வரேன்" என்றேன்.

"அதுக்கென்னண்ணா, இறக்கிரலாம்" என்றார். "மொதல் ஐஸ் மட்டும் ஆகட்டும்."

வீட்டில் சொல்லிவிட்டேன், சனிக்கிழமை ஒன்பது மணிக்கு எனக்குச் சாப்பாடு எடுத்து வைத்துவிடச் சொல்லி. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் அவர் செதுக்கி முடிக்கும்போது சரியாக இருக்கும். அந்தப் பெண்ணுக்கும் ஒரு ஆளின் தோசை மிச்சம்.